தமிழ்ப் பள்ளி நடத்திய கையோடு சார்ட்டர் பள்ளி: நாங்கள் சட்டத்தில் சறுக்கிய இடங்கள்

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிக்குக் கணக்கு பார்த்தேன். சனிக்கிழமை காலையில் கூடத்தைத் திறந்து, நாற்காலி போட்டு, காசோலை எழுதி, ஆண்டு விழாவுக்குச் சாப்பாடு சொல்லி முடிப்பது வரை எல்லாம் பழக்கம். அந்த அனுபவத்தை நம்பித்தான் கலிஃபோர்னியாவில் புதிதாகத் தொடங்கிய ஒரு சார்ட்டர் பள்ளியின் (வரிப்பணத்தில், தனி நிர்வாகக் குழு நடத்தும் பொதுப்பள்ளி) நிர்வாகக் குழுவில், அதாவது போர்டில், பொருளாளராக இருக்கச் சொன்னார்கள். 240 பிள்ளைகள், கிண்டர்கார்டன் முதல் எட்டாம் வகுப்பு வரை. போர்டில் ஐந்து பேர். நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் டாலர் பள்ளிப் பணம் வீணாகப் போனது. ஒருவர்கூட ஒரு டாலர் திருடவில்லை. தமிழ்ப் பள்ளியில் எங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த பழக்கங்களையே இங்கும் செய்தோம், அவ்வளவுதான். இப்போது ஊர் ஊராகத் தமிழ்ப் பெற்றோர்கள் "நாமே ஒரு சார்ட்டர் பள்ளி தொடங்கலாமே" என்று கேட்கிறார்கள். அன்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். சார்ட்டர் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இங்கே சொல்வது கலிஃபோர்னியா நிலவரம். அதுவும் அடிக்கடி திருத்தப்படுகிறது. முடிவெடுக்கும் முன் அந்த ஆண்டின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் ஒன்றை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்: சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி இல்லை. மினசோட்டா 1991-இல் முதல் சட்டம் கொண்டுவந்தது, கலிஃபோர்னியா 1992-இல் இரண்டாவது. ஒரு லாபநோக்கற்ற நிறுவனம், பள்ளியை எப்படி நடத்தும் என்று பெட்டிஷன், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுக்கும். உள்ளூர்ப் பொதுப்பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பொதுவிசாரணை நடத்தி, அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு அனுமதி தரும். நிர்வாகம் உங்கள் கையில், பணம் மக்கள் வரிப்பணம். கட்டணம் வாங்கக் கூடாது, இடத்தைவிட அதிகப் பிள்ளைகள் விண்ணப்பித்தால் எல்லோரும் பார்க்கும்படி குலுக்கல் போட வேண்டும். "நம்ம ஸ்கூல்" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த 'நம்ம' என்ற சொல்தான் எங்களை எல்லா இடத்திலும் இடறிவிட்டது.

பெரிய தவறு வாட்ஸப் குழு. தமிழ்ப் பள்ளியில் எல்லா முடிவும் அதில்தான் எடுப்போம். இங்கும் போர்டு உறுப்பினர் ஐந்து பேருக்கும் ஒரு குழு தொடங்கினோம். விளையாட்டுத் திடலுக்கு நிழற்கூரை எந்த நிறுவனத்திடம் போடலாம் என்று ஒருவர் மூன்று விலைப்பட்டியலைப் போட்டார். மற்றவர்கள் கருத்துச் சொன்னார்கள், நான்கு பேர் கட்டைவிரல் உயர்த்தினோம். மாதக் கூட்டத்தில் இரண்டே நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. மிகச் சீராக வேலை நடக்கிறது என்று நான் மகிழ்ந்தேன். கலிஃபோர்னியாவில் 1953-லிருந்து பிரவுன் ஆக்ட் என்று ஒரு சட்டம் இருக்கிறது. பொது அமைப்பின் உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் ஒரு விஷயத்தைப் பொதுக் கூட்டத்துக்கு வெளியே விவாதிக்கக் கூடாது. இந்தச் சட்டம் சார்ட்டர் பள்ளிகளுக்கும் உண்டு என்று 2019-இல் எஸ்.பி. 126 என்ற மாநிலச் சட்டம் சந்தேகத்துக்கு இடமின்றி எழுதிவிட்டது, 2020 ஜனவரி 1 முதல் அமல். எங்கள் போர்டில் மூன்று பேர் பெரும்பான்மை. மூன்றாவது ஆள் அந்தக் குழுவில் பதில் போட்ட நொடியிலேயே சட்டம் மீறப்பட்டுவிட்டது. ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி, அவர் மூன்றாமவரிடம் சொல்வதும் இதே குற்றம்தான், சங்கிலிக் கூட்டம் என்று கணக்கு. பிரின்சிபல் ஒவ்வொரு உறுப்பினரையும் தனித்தனியாக அழைத்து விவரம் சொல்லலாம். ஆனால் "அவங்க இதுக்குச் சம்மதிச்சுட்டாங்க" என்று ஒருவர் கருத்தை மற்றவரிடம் கொண்டுபோகக் கூடாது.

ஒரு பெற்றோர் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் எங்கள் செய்திகள் முழுவதையும் கேட்டுக் கடிதம் போட்டார். சொந்த போனில் இருப்பதை எப்படிக் கேட்கலாம் என்று எங்களுக்குக் கோபம். சான் ஹோசே நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2017-லேயே இதற்கு விடை சொல்லிவிட்டது: பொதுவேலை தொடர்பான செய்தி சொந்தக் கணக்கில் இருந்தாலும் பொது ஆவணமே. என்ன தர முடியும் என்று பத்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், காரணம் இருந்தால் மேலும் 14 நாள். இரண்டு வாரயிறுதிகள் உட்கார்ந்து, பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் கோயில் படங்களுக்கும் நடுவே பள்ளிச் செய்திகளைப் பிரித்தெடுத்தோம். நாங்கள் வேடிக்கையாக எழுதிய சில வரிகளை வக்கீல் உரக்க வாசித்தபோது கூனிக் குறுகிப் போனேன். நிழற்கூரைத் தீர்மானத்தை ரத்து செய்து, முறைப்படி அஜெண்டாவில் போட்டு, மறுபடி விவாதித்து ஓட்டுப் போட்டோம். இப்படித் திருத்திக்கொள்ளச் சட்டமே வழி வைத்திருக்கிறது. திருத்தச் சொல்லிக் கோரிக்கைக் கடிதம் வந்த 30 நாளுக்குள் செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு போர்டுக்கு என்று குழுவே கிடையாது. ஒவ்வொருவருக்கும் பள்ளி மின்னஞ்சல் முகவரி கொடுத்தோம். ஊழியரிடமிருந்து வரும் கடிதத்தின் தலையில் "எல்லோருக்கும் பதில் அனுப்ப வேண்டாம்" என்று ஒரு வரி போடச் சொன்னோம்.

வழக்கமான கூட்டத்துக்கு அஜெண்டாவை 72 மணி நேரம் முன்பும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பும் ஒட்ட வேண்டும். செவ்வாய் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் என்றால் சனி மாலை ஆறுதான் கெடு. எப்போது வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கக்கூடிய இடத்தில் தாள் இருக்க வேண்டும். பூட்டிய கேட்டுக்குள் இருக்கும் அலுவலகக் கதவில் ஒட்டிப் பயனில்லை. பள்ளி இணையதளத்தின் முகப்பிலிருந்தும் நேரடி இணைப்பு வேண்டும். நாங்கள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒட்டி, நேரம் தெரியும்படி ஒரு படம் எடுத்து மினிட்ஸோடு சேர்த்து வைக்கிறோம். அஜெண்டாவில் இல்லாததை அன்று முடிவு செய்ய முடியாது. "இதர விஷயங்கள்" என்று கடைசியில் ஒரு வரி போட்டுவிட்டு எல்லாவற்றையும் அதில் நுழைக்கும் நம் சங்கப் பழக்கம் இங்கே செல்லாது. எங்கள் உறுப்பினர் ஒருவர் கோவையில் மாமியார் வீட்டிலிருந்து ஜூமில் கலந்துகொண்டு ஓட்டுப் போட்டார். பழைய தொலைக்கூட்ட விதிப்படி அந்த வீட்டு முகவரி அஜெண்டாவில் வர வேண்டும், அந்த வீட்டுக் கதவிலும் அஜெண்டா ஒட்ட வேண்டும், விரும்பினால் பொதுமக்கள் அங்கே வந்து உட்காரலாம். அதில் எதுவும் நடக்காததால் அவர் ஓட்டைக் கணக்கில் எடுக்க முடியவில்லை. சில காரணங்களுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் அதற்கும் தனி நடைமுறை இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போகிறவர் அந்த மாதக் கூட்டத்தை விட்டுவிடுவதே நிம்மதி.

அடுத்ததை நினைத்தால் இன்றும் தூக்கம் கெடும். எங்கள் உறுப்பினர் ஒருவரின் மனைவி கம்ப்யூட்டர் பராமரிப்புத் தொழில் நடத்துகிறார். பள்ளிக்கு வைஃபை போட்டு, கணினிகளைப் பார்த்துக்கொள்ளச் சந்தை விலையில் பாதிக்கு முன்வந்தார். ஓட்டெடுப்பின்போது நண்பர், "நான் வெளியே போய் நிக்கிறேன், நீங்க என்னைத் தள்ளி வச்சுப் பேசி முடிவு பண்ணுங்க" என்று எழுந்து போனார். மினிட்ஸிலும் அப்படியே எழுதினோம். நேர்மையாக நடந்துகொண்டோம் என்ற பெருமிதம் வேறு. அடுத்த ஆண்டு ஆடிட்டர் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கலிஃபோர்னியாவில் நலன்முரணுக்கு, அதாவது பதவியும் சொந்த ஆதாயமும் மோதுவதற்கு, இரண்டு தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. பொலிட்டிகல் ரிஃபார்ம் ஆக்ட்டின்படி சம்பந்தப்பட்டவர் சொல்லிவிட்டு விலகினால் போதும். கவர்ன்மென்ட் கோட் 1090 பிரிவு அப்படி இல்லை. போர்டு உறுப்பினர் ஒருவருக்குப் பண ஆதாயம் இருக்கும் ஒப்பந்தத்தைப் போர்டே செய்யக் கூடாது, அவர் வெளியே போனாலும் சரி, ஓட்டுப் போடாவிட்டாலும் சரி. மனைவியின் வருமானம் கணவரின் வருமானமாகவும் எண்ணப்படும். அந்த ஒப்பந்தம் செல்லாது, கொடுத்த பணத்தைப் பள்ளி திரும்பக் கேட்கலாம், செய்த வேலையின் மதிப்பைக் கழித்துக்கொள்ளக்கூட உரிமை இல்லை. விலை மலிவு, பள்ளிக்கு லாபம் என்பதெல்லாம் பதிலாகாது. 1985-இல் ஆல்பனி நகர மன்ற உறுப்பினர் ஒருவர் வழக்கில், அவர் விற்ற நிலமும் நகரத்துக்கே, அவர் வாங்கிய பணமும் நகரத்துக்கே என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தெரிந்தே செய்தால் குற்ற வழக்கும் வரும்.

நண்பர் 38,000 டாலரைத் தன் சேமிப்பிலிருந்து பள்ளிக்குத் திருப்பிக் கட்டினார். அவர்கள் உண்மையாக உழைத்து வாங்கிய பணம் அது. பள்ளிக்கு வக்கீல் செலவு 9,000. என் வீட்டுக் கொலுவுக்கு ஆண்டுதோறும் வந்த குடும்பம் அதன்பின் வரவில்லை. யாரை நோவது? பொருளாளர் நான், நான்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆகவே சொல்கிறேன்: ஆளைப் போர்டில் சேர்க்கும் முன்பே அவர், மனைவி அல்லது கணவர் என்ன தொழில் செய்கிறார்கள், யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள், எந்தக் கட்டடத்துக்கு உரிமையாளர் என்று எழுதி வாங்குங்கள். பெரிய நிறுவனத்தில் மூன்று சதவீதத்துக்கும் குறைவான பங்கு போன்ற சில விலக்குகள் உண்டு. சந்தேகமானால் ஒப்பந்தம் போடும் முன் எஃப்.பி.பி.சி. என்னும் மாநில ஆணையத்துக்கு எழுதிக் கேட்கலாம், 1090 பற்றியும் எழுத்தில் ஆலோசனை தருகிறார்கள். பேச்சுவார்த்தை வரை கூட இருந்துவிட்டுக் கையெழுத்துக்கு முதல் நாள் போர்டிலிருந்து விலகுவது உதவாது. ஃபார்ம் 700 என்ற சொத்து விவர அறிக்கையைப் பதவியேற்ற 30 நாளுக்குள்ளும், பிறகு ஆண்டுதோறும் ஏப்ரல் 1-க்குள்ளும், விலகிய 30 நாளுக்குள்ளும் தர வேண்டும். அதை வெறும் படிவமாக நினைத்துப் பத்து நிமிடத்தில் நிரப்பினோம். நிதானமாக நிரப்பியிருந்தால் இந்த விவகாரம் அதிலேயே வெளிப்பட்டிருக்கும்.

பெற்றோரிடம் பணமும் உழைப்பும் கேட்பது நமக்குக் கூச்சமே இல்லாத விஷயம். ஆளுக்கு 25 மணி நேரம் தன்னார்வப் பணி, இல்லையென்றால் 300 டாலர் என்று கையேட்டில் அச்சடித்தோம். ஓவியப் பொருளுக்கும் டைரிக்கும் சேர்த்து 45 டாலர் என்று தனியாக ஒரு வரி. 2013 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டணத் தடைச் சட்டம் சார்ட்டர் பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது. பாடத்துக்கு வேண்டிய பொருள், பூட்டு, இசைக் கருவி, சீருடை, எதற்கும் பணமோ டெபாசிட்டோ கேட்க முடியாது. வசதியில்லாதவர்களுக்கு விலக்கு தருகிறோம் என்று சொன்னாலும் தப்பு தப்புதான். தன்னார்வ மணி நேரத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2017-இன் ஏ.பி. 1360 என்ற மாநிலச் சட்டம் சொல்கிறது. பெயரில்லாமல் ஒரு புகார் வந்தது. அப்படிப் பெயரில்லாமல் தரவும் சட்டத்தில் இடமுண்டு. புகார் கொடுத்தவர் ஒருவர்தானே என்று அவருக்கு மட்டும் திருப்பித் தர முடியவில்லை, பணம் கட்டிய அத்தனை பேருக்கும் தர வேண்டியிருந்தது. 230 பிள்ளைகள், தலைக்கு 45, மொத்தம் 10,350 டாலர். நன்கொடை கேட்கலாம். "கொடுக்காவிட்டாலும் உங்கள் பிள்ளைக்கு எந்த மாற்றமும் இல்லை" என்ற வரி அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும், கொடுத்தவர் பட்டியல் ஆசிரியர் கண்ணில் படாமல் இருக்கட்டும்.

இனி, நம்மவர்களால் மட்டுமே இவ்வளவு பெரிதாகும் ஒரு பிரச்சினை. டிசம்பர் வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவோம். பள்ளிக்கு மாநிலம் தரும் பணம் ஏ.டி.ஏ. என்னும் சராசரி தினவருகையைப் பொறுத்தது. வந்த நாள்களைக் கூட்டி, பள்ளி நடந்த நாள்களால் வகுப்பார்கள். சார்ட்டர் பள்ளிக்குக் குறைந்தது 175 நாள். பயணத்தில் இருக்கும் பிள்ளைக்கு இண்டிபெண்டன்ட் ஸ்டடி என்ற ஏற்பாட்டில் பாடம் கொடுத்து வருகையைக் கணக்கில் காட்டலாம். அதற்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும்: பாடம், முடிக்க வேண்டிய தேதி, மதிப்பிடும் முறை, பிள்ளை, பெற்றோர், பொறுப்பாசிரியர் கையெழுத்துகள், ஒவ்வொன்றின் கீழும் தேதி. பல வாரம் நீளும் பயணத்துக்கு அந்தக் கையெழுத்துகள் முதல் நாளுக்கு முன்பே விழ வேண்டும். எங்கள் ஆசிரியர்கள் பாடத்தை அனுப்பினார்கள், பிள்ளைகளும் செய்தார்கள், "திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட்டுக்கலாம்" என்று தாளை ஒத்திப்போட்டோம். அந்த ஆண்டு 14 பிள்ளைகள், தலைக்கு 20 பள்ளி நாள்கள். 280 நாள்களை 175-ஆல் வகுத்தால் 1.6 ஏ.டி.ஏ. எங்களுக்கு ஒரு ஏ.டி.ஏ. ஏறத்தாழ 11,000 டாலர். 17,600 டாலர் போனது, ஒரு தேதி பிந்தியதற்கு. பின்தேதி போட்டுச் சரிசெய்யலாமே என்று ஒருவர் சொன்னார். அதைச் செய்யாமல் விட்டதுதான் அந்த ஆண்டில் நாங்கள் செய்த நல்ல காரியம். தவறு, பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு முடியும். பொய்த் தேதி குற்ற வழக்கில் கொண்டுபோய் விடும். இப்போது நவம்பர் முதல் வாரத்தில் எல்லா வீட்டுக்கும் படிவம் போகிறது. விமானச் சீட்டு போட்டவுடன் சொல்லுங்கள் என்று கேட்கிறோம்.

இன்னொன்று, ஊருக்குப் போன பிள்ளை ஆறு வாரமாகியும் வரவில்லை என்று பேரை அடித்துவிடாதீர்கள். பெற்றோரின் விருப்பமில்லாமல் எந்தக் காரணத்துக்காகப் பிள்ளையை நீக்குவதானாலும், அது அமலாவதற்கு ஐந்து பள்ளி நாள்களுக்குக் குறையாமல் முன்னதாக, அவர்கள் வீட்டு மொழியில் எழுத்து அறிவிப்புத் தர வேண்டும். அவர்கள் ஆட்சேபித்து விசாரணை கேட்டால் அது முடியும்வரை இடம் அவர்களுடையது.

சேர்க்கைப் படிவத்தில் பிறப்புச் சான்றிதழ், முந்தைய மதிப்பெண், "பிள்ளைக்கு ஐ.இ.பி. (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) இருக்கிறதா" என்ற கேள்வி எல்லாம் போட்டிருந்தோம். தேவைக்கேற்ப ஆசிரியர்களை ஏற்பாடு செய்யத்தான் கேட்டோம். இடம் உறுதியாகும் முன் பிள்ளையின் ஆவணங்களைக் கேட்கக் கூடாது என்பது சட்டம். குலுக்கலுக்குப் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, முகவரி போதும். குடியுரிமை, சோஷியல் செக்யூரிட்டி எண் எப்போதுமே வேண்டாம். ஆவணமில்லாக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கும் பொதுப்பள்ளி உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது.

எங்களுக்கு அதிக வேதனை தந்தது ஒரு சிறுவன் விஷயம். செப்டம்பரில் அவன் அம்மா வகுப்பாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினார், படிப்பதில் சிரமம் இருக்கிறது, சோதித்துப் பாருங்கள் என்று. ஆசிரியர் அன்பாகவே பதில் எழுதினார், "டிசம்பர் வரைக்கும் பார்க்கலாம், பசங்க தானா சரியாயிடுவாங்க." எழுத்தில் கேட்டுவிட்டால் 15 நாளுக்குள் மதிப்பீட்டுத் திட்டத்தைப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். அவர்கள் ஒப்புதல் கிடைத்த 60 நாளுக்குள் சோதனைகளை முடித்து ஐ.இ.பி. கூட்டம் நடத்த வேண்டும். ஐந்து பள்ளி நாளுக்கு மேல் நீளும் விடுமுறை மட்டும் கணக்கில் வராது. மின்னஞ்சலில் ஒரு வரி போதும், படிவம் வேண்டியதில்லை, ஸ்பெஷல் எஜுகேஷன் என்ற சொல்கூட அதில் இருக்க வேண்டியதில்லை. ஜனவரியில் எங்கள் பிரின்சிபல் அந்த அம்மாவிடம், "எங்களுடையது சின்னப் பள்ளி, டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் இவனுக்கு வசதி அதிகம்" என்றார். மனமாரச் சொன்ன வார்த்தைதான். சட்டத்தின் கண்ணில் அது ஊனமுள்ள பிள்ளையை வெளியே தள்ளுவது.

அந்த அம்மா வக்கீல் வைத்தார். இழந்த மாதங்களுக்கு ஈடாகத் தனிப்பயிற்சி, அவருடைய வக்கீல் கட்டணம், இரண்டும் சேர்ந்து 31,000 டாலருக்குச் சமரசம். பெற்றோர் பக்கம் ஜெயித்தால் அவர்களின் வக்கீல் செலவைப் பள்ளி ஏற்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பது மத்தியச் சட்டத்திலேயே இருக்கிறது. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். எங்கள் பாலிசி, கோரிக்கை வந்த காலத்திலேயே நிறுவனத்துக்குத் தெரிவித்தால்தான் கைகொடுக்கும் வகை. முதல் கடிதம் வந்தது மே மாதம், பாலிசி முடிந்தது ஜூன் 30, நாங்கள் தெரிவித்தது ஆகஸ்ட். கையை விரித்துவிட்டார்கள். வக்கீல் பெயர் போட்ட கடிதம் எது வந்தாலும் அன்றே தரகருக்கு அனுப்புங்கள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மேசையில் வைக்காதீர்கள். ஆனால் பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு: அந்தப் பையன் ஒரு முழுப் பள்ளியாண்டு படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். இப்போது ஆகஸ்ட் பயிற்சியில் ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லித் தருகிறோம். "சோதித்துப் பாருங்கள்" என்ற பொருளில் என்ன வந்தாலும் அன்றைக்கே ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்ப வேண்டும், அவர் தேதியைக் குறித்துக்கொள்வார். வேறு பள்ளியிலிருந்து ஐ.இ.பி.யோடு வரும் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே அதற்கு இணையான உதவி தொடர வேண்டும், 30 நாளுக்குள் கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டும்.

கட்டடத்தில்தான் ஒரே அடியில் அதிகப் பணம் போனது. அலுவலகமாக இருந்த இடத்தை, கைநழுவிவிடுமோ என்ற பயத்தில், அவசரமாகக் குத்தகைக்கு எடுத்தோம். மாதம் 14,500. அலுவலகக் கட்டடத்தைப் பள்ளியாக்கக் கட்டட விதிப்படி 'ஈ' வகைக்கு மாற்ற வேண்டும். வெளியேறும் வழிகள், தீயணைப்பு எச்சரிக்கை, கழிப்பறை எண்ணிக்கை எல்லாம் மாறும். நகரத்திடம் தனிப் பயன்பாட்டு அனுமதியும் வாங்க வேண்டியிருந்தது. அது வரும்வரை நான்கு மாதம் காலி இடத்துக்கு வாடகை, 58,000 டாலர். "நகர அனுமதி கிடைத்த நாளிலிருந்துதான் வாடகை தொடங்கும், குறித்த தேதிக்குள் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து" என்ற வாசகம் குத்தகைத் தாளில் இருந்திருந்தால் ஒரு காசும் போயிருக்காது. பெட்டிஷனில் சொல்லாத புதிய இடத்துக்கு டிஸ்ட்ரிக்ட்டின் ஒப்புதலும் வேண்டும். 2000-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ப்ராப் 39-இன்படி, அந்த டிஸ்ட்ரிக்ட்டுக்குள் வசிக்கும் பிள்ளைகள் 80 பேர் இருந்தால் டிஸ்ட்ரிக்ட்டிடமே இடம் கேட்கலாம். முந்தைய ஆண்டு நவம்பர் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு அது டிசம்பரில்தான் தெரிந்தது.

திறப்பு விழாவில் குத்துவிளக்கேற்றி விநாயகர் துதி பாடலாம் என்று ஒரு பெரியவர் ஆசைப்பட்டார். சார்ட்டர் பள்ளி எந்த மதத்தையும் சாராமல் நடக்க வேண்டும், பாடத்திலும் சேர்க்கையிலும் வேலைக்கு எடுப்பதிலும். பொங்கல் ஏன் கொண்டாடுகிறோம் என்று பாடம் நடத்தலாம், பிள்ளைகளைக் கைகூப்பச் சொல்ல முடியாது. ஓக்லஹோமாவில் ஒரு கத்தோலிக்க சார்ட்டர் பள்ளிக்கான முயற்சியை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2024-இல் நிறுத்தியது. 2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-4 என்று பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. பெரியவருக்கு வருத்தம்தான். அவர் வீட்டில் விளக்கேற்றி, எங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்.

ஊழியர் விஷயத்தில் சுருக்கமாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கைரேகைச் சோதனை முடிவு வந்த பிறகே ஆள் பிள்ளைகளிடம் போக வேண்டும். முன்பு வேலை செய்த பள்ளியில் கொடுத்த கைரேகை இங்கே செல்லாது. மாலை வகுப்புக்கு வரும் பாட்டு, தமிழ் ஆசிரியர்களுக்கு நம் வழக்கப்படி சன்மானம் என்று காசோலை கொடுத்து, ஊழியர் அல்லாத ஒப்பந்தக்காரருக்கான 1099 வரிப் படிவம் போடாதீர்கள். வகுப்பு நேரத்தையும் பாடத்தையும் பள்ளி தீர்மானித்தால் அவர் சம்பள ஊழியர்தான். பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் பார்த்த ஆசிரியரே உடனே தொலைபேசியில் சொல்லி, 36 மணி நேரத்துக்குள் எழுத்திலும் தர வேண்டும். பிரின்சிபலிடம் சொல்லிவிட்டேன் என்றால் கடமை தீராது. "குடும்ப விஷயம், முதலில் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசலாம்" என்ற நம்மூர்ப் பெரிய மனுஷத்தனம் இதில் கூடவே கூடாது, பிள்ளைக்குத்தான் ஆபத்து.

கணக்குத் தேதிகளை எங்கள் அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். ஜூலை 1 பட்ஜெட், செப்டம்பர் 15 தணிக்கைக்கு முந்தைய ஆண்டுக் கணக்கு, டிசம்பர் 15 முதல் இடைக்கால அறிக்கையும் தணிக்கை அறிக்கையும், மார்ச் 15 இரண்டாம் இடைக்கால அறிக்கை. ஜூன் 30-இல் கணக்கு முடிப்பதால் வருமான வரித்துறைக்கு 990 படிவம் நவம்பர் 15.

யாராவது உங்களைச் சார்ட்டர் பள்ளிப் போர்டுக்கு அழைத்தால், சரி என்று சொல்லும் முன் நான்கு தாள்களைக் கேட்டு வாங்கி ஒரு வாரம் வைத்துப் படியுங்கள்: டிஸ்ட்ரிக்ட் ஒப்புதல் தந்த முழுப் பெட்டிஷன், டிஸ்ட்ரிக்ட்டோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம், கடைசித் தணிக்கை அறிக்கையின் இறுதியில் இருக்கும் குறைகள் பகுதி, நடப்பு இன்ஷூரன்ஸ் பாலிசி. நான் அன்று இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பெட்டிஷனை மட்டுமாவது படித்திருந்தால், நாங்கள் அச்சடித்த 25 மணி நேரக் கையேட்டுக்கு நேர் எதிரான வாக்குறுதியை நாங்களே டிஸ்ட்ரிக்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தது தெரிந்திருக்கும்.